ஓடிக்கொண்டிருக்கும் சூப்பர் ஹீரோ தொடரைக் கையில் வாங்கும்போது

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் ஒன்றைப் புதிதாகத் தொடங்குவது ஒரு வேலை. ஓடிக்கொண்டிருக்கும் தொடரை இன்னொருவர் கையிலிருந்து வாங்கி எழுதுவது வேறு வேலை. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு தொடரைத் தொடங்குவார்கள். எழுதிக்கொண்டிருந்தவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விடுவார். ஓவியர் இருப்பார், வாசகர்கள் காத்திருப்பார்கள், கதை மட்டும் பாதியில் நிற்கும். அந்த இடத்தில் உட்காரப் போகிற புதியவருக்காக இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அச்சாகிவிட்ட எதையும் பொய் என்று ஆக்காதீர்கள். அச்சானதை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு யாரும் பார்க்காத ஒரு பொருளைக் கண்டுபிடியுங்கள். தொடரை மேம்படுத்துவது என்றால் என் கணக்கில் இதுதான்.

நமக்குத் தெரிந்த ஆளையே எடுத்துக்கொள்வோம். தமிழில் லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஸ்பைடரை (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு ஆள்) அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1965-ல் பிரிட்டனில் வந்த லயன் வார இதழில் டெட் கோவன் எழுத்திலும் ரெக் பன் ஓவியத்திலும் அவன் பிறந்தான். அப்போது அவன் நல்லவன் இல்லை. குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்பதே அவன் லட்சியம். முதல் சில கதைகளுக்குப் பிறகு எழுத்துப் பொறுப்பு ஜெர்ரி சீகலிடம் போனது. ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல். அவர் காலத்தில்தான் ஸ்பைடர் குற்றவாளிகளை எதிர்த்து நிற்கத் தொடங்கினான். ஆனால் திடீரென்று மனம் திருந்திய உத்தமனாகவில்லை. அவனுடைய அகம்பாவம், தன்னை விஞ்ச யாரும் இருக்கக் கூடாது என்ற வெறி, எல்லாம் அப்படியே இருந்தன. அந்த வெறி போகும் திசைதான் மாறியது. பழைய இதழ்களைப் படித்தவன் ஏமாறவில்லை, புதிதாக வந்தவனுக்கும் ஒரு நாயகன் கிடைத்தான்.

எழுத உட்காரும் முன் கேட்க வேண்டியவை

சீகலைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். 1938-ல் சூப்பர்மேனின் உரிமை முழுவதையும் அவரும் ஷஸ்டரும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் வழக்கும் வருத்தமுமாகப் போயின. நண்பர்கள் நடத்தும் சின்னத் தொடர்தானே என்று நினைக்காதீர்கள். நாயகன் யாருக்குச் சொந்தம், நீங்கள் உருவாக்கும் புதுப் பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம், நீங்கள் விலகினால் அவற்றை அடுத்தவர் பயன்படுத்தலாமா, முதலில் எழுதியவர் பெயர் ஒவ்வொரு இதழிலும் வருமா என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் எழுத்தாளர் ஊரில் இல்லாவிட்டாலும் அவரிடம் பேசுங்கள். அவர் மனதில் வைத்திருந்து எழுதாமல் போன முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள். அவற்றை நீங்கள் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தெரியாமல் இருப்பது நல்லதில்லை.

படிப்பதும் குறிப்பெடுப்பதும்

இந்த வேலையில் பாதி இதுதான். பழைய இதழ்கள் எல்லாவற்றையும் முதலில் பேனா இல்லாமல் ஒரே மூச்சில் படியுங்கள். எங்கே பக்கத்தைத் தள்ளத் தோன்றியது, எங்கே திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றியது என்பது மட்டும் மனதில் நிற்கட்டும். அடுத்த முறை ஒரு கோடு போட்ட நோட்டோடு உட்காருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரியுங்கள். படத்தில் காட்டியது ஒரு பத்தி. பாத்திரம் வாயால் சொன்னது இன்னொரு பத்தி. யாரும் காட்டாமல், சொல்லாமல், வாசகன் தானாக எடுத்துக்கொண்டது மூன்றாவது பத்தி.

ஏன் மூன்று? படத்தில் நடந்தது நடந்ததுதான், அதில் கைவைக்க முடியாது. வாயால் சொன்னது அப்படி இல்லை. சொன்னவர் பொய் சொல்லியிருக்கலாம், தவறாகப் புரிந்திருக்கலாம், பாதியை மறைத்திருக்கலாம். மூன்றாவது பத்தியோ முழுக்க உங்களுக்கு விட்டுவைத்த இடம். புதிய எழுத்தாளர் செய்யக்கூடிய நல்ல காரியம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

ஒரு கற்பனைத் தொடரை வைத்துப் பார்ப்போம். பெயர் ‘கணவாய்க்காரன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயகன் செல்வராசு, மினி லாரி ஓட்டுபவன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வேலந்தாவளம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவன். முதல் இதழில் மாநில எல்லையிலுள்ள வாளையாரில் ஓர் ஆனி மாத ராத்திரி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அவனுக்குள் இறங்குகிறது. அன்றுமுதல் அவன் தாவினால் பத்து ஆள் உயரம் போகிறான், கை வீசினால் வண்டியே நகர்கிறது. நாலாவது இதழில் எதிரிகள் அவனை மூடிய கண்டெய்னருக்குள் அடைக்கிறார்கள். சக்தி வேலை செய்யவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பதாவது இதழில் கொச்சித் துறைமுகத்தில் கிரேன்களுக்கு நடுவே பறக்கிறான். பதினொன்றில் அவன் அம்மா, ‘உங்கப்பனும் காத்தோட போனவன்தான்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுகிறாள். பன்னிரண்டாவதில் ஒரு பெரிய ராத்திரிச் சண்டை. அதோடு முதல் எழுத்தாளர் விலகிவிட்டார்.

இப்போது நோட்டைப் பாருங்கள். காட்டியது: வாளையாரில் சக்தி வந்தது, கண்டெய்னரில் போனது, கொச்சியில் பறந்தது. சொன்னது: அம்மாவின் அந்த ஒரு வரி. வாசகன் எடுத்துக்கொண்டது: இந்தச் சக்தி எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் இருக்கும் என்பது. இந்தக் கடைசி வரி சரியா என்று கேளுங்கள்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுக்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். கொச்சி அந்த வழியில் இல்லை. கணவாய்க் காற்றால் பறக்கிறவன் கொச்சியில் எப்படிப் பறந்தான்? சோம்பலான எழுத்தாளர் இதைப் பழைய ஆளின் தவறு என்று ஒதுக்கிவிடுவார், அல்லது ‘அது கனவு’ என்று எழுதிவிடுவார். இரண்டும் வேண்டாம். அன்று கொச்சியில் அவன் பறந்தது உண்மை. ஆனால் பறக்க வைத்தது அவன் சக்தி இல்லை, அவனுக்குத் தெரியாமல் வேறு யாரோ அவனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். யார்? எதற்கு? ஒரு வருடத்துக்கான கதை இங்கே கிடைத்துவிட்டது. பழைய இதழில் ஒரு கோடும் அழியவில்லை. வாசகன் ஒன்பதாவது இதழைத் தேடி எடுத்து மறுபடி பார்ப்பான்.

ஒரே வித்தை, இரண்டு விளைவு

இதை உலகத்துக்குச் சிறப்பாகச் செய்து காட்டியவர் பிரிட்டிஷ் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர். ஸ்வாம்ப் திங் என்ற பாத்திரம் 1971-ல் வந்தது. அலெக் ஹாலண்ட் என்ற விஞ்ஞானி வெடிவிபத்தில் சிக்கிச் சதுப்பில் விழுந்து, செடிகொடியால் ஆன உடலோடு எழுந்து வருகிறான். மறுபடி மனிதனாக வேண்டும் என்பதே அவன் தேடல். 1984-ல் 20-வது இதழில் மூர் இந்தத் தொடரை ஏற்றபோது அந்தத் தேடல் சலித்துப் போயிருந்தது. 21-வது இதழில் அந்த உடலை ஒருவன் அறுத்துப் பார்க்கிறான். நுரையீரல் மாதிரி ஒன்று இருக்கிறது, ஆனால் மூச்சு இழுக்க முடியாது. இதயம் மாதிரி ஒன்று இருக்கிறது, ஆனால் ரத்தம் ஓட்ட முடியாது. அப்படியானால் இது செடியாக மாறிய மனிதன் இல்லை. ஹாலண்ட் அன்றே செத்துவிட்டான். அவன் நினைவை உள்வாங்கிக்கொண்ட செடி, தன்னையே ஹாலண்ட் என்று நம்பி வாழ்ந்திருக்கிறது. பழைய கதைகளில் நடந்த எதுவும் மாறவில்லை. ஆனால் எல்லாவற்றின் பொருளும் மாறிவிட்டது. இனி மனிதனாகும் தேடலுக்கு வழியே இல்லை, தான் என்ன என்பதைத்தான் அது தேட வேண்டும்.

இதே வித்தையை இன்னொரு இடத்தில் செய்தபோது வாசகர்கள் கொதித்தார்கள். 1975-ல் ஸ்பைடர்மேனுக்கு ஒரு நகல் (குளோன்) உருவான கதை வந்திருந்தது. 1994-ல் அதை மறுபடி எடுத்து, இத்தனை வருடம் நீங்கள் படித்த பீட்டர் பார்க்கர்தான் நகல், பென் ரைலி என்கிறவன்தான் அசல் என்று கொண்டுபோனார்கள். 1996 முடிவதற்குள் அதைத் திருப்பிப் போட வேண்டியதாயிற்று.

இரண்டிலும் நாயகன் தன்னை யாரென்று நினைத்தானோ அவன் இல்லை என்பதுதான் திருப்பம். பிறகு ஏன் ஒன்று நின்றது, இன்னொன்று விழுந்தது? மூர் எழுதியதில், நாம் படித்து வந்த அந்த ஜீவன் நடுவிலேயே நிற்கிறது. இழப்பு அதனுடையது, அடுத்துக் கிடைக்கப் போகிறதும் அதனுடையது. நகல் கதையிலோ நாம் பாசம் வைத்தவனை எழுப்பி விட்டுவிட்டு அந்த நாற்காலியில் வேறொருவனை உட்கார வைத்தார்கள். நீங்கள் யோசிக்கும் திருப்பத்தையும் இந்தக் கேள்வியில் வைத்துப் பாருங்கள்: இதற்குப் பிறகும் வாசகன் நேசித்த ஆள் நடுவில் இருக்கிறானா? கணவாய்க்காரன் கொச்சியில் தானாகப் பறக்கவில்லை என்றால் அவனுக்கு அவமானம்தான். ஆனால் அதைத் தாங்குவதும் விடை தேடிப் போவதும் செல்வராசுதான். அதனால் இந்தத் திருப்பத்தைத் தைரியமாக எழுதலாம்.

சக்திக்கு வேலி போடுங்கள்

நீண்ட தொடர்களில் எல்லாம் வரும் நோய் ஒன்று உண்டு. ஒவ்வொரு இதழிலும் நாயகனின் பலம் கொஞ்சம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அவனால் முடியாதது எதுவுமே இல்லை என்றாகி, படிக்கிறவனுக்குப் பதற்றம் போய்விடும். இரும்புக்கை மாயாவி ஏன் இன்னும் நினைவில் நிற்கிறார்? 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் அவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், ஆனால் அந்த இரும்புக்கை மட்டும் தெரியும். மறைந்த பிறகும் மாட்டிக்கொள்ள ஒரு வழி எப்போதும் திறந்தே இருக்கும். அந்தப் பயம்தான் பக்கத்தைத் திருப்ப வைத்தது.

நீங்கள் வேலி போடும்போது அதை உங்கள் வசதிக்காகப் போட்டதாகத் தெரியக் கூடாது. ஊரிலேயே இருக்கும் ஒன்றிலிருந்து எடுங்கள். கணவாய்க் காற்று ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி வீசுவதில்லை என்பது இங்கே மாடு மேய்க்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து ஈரத்தோடு தள்ளும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்டு வந்து உதட்டை வெடிக்க வைக்கும். சித்திரை வெயிலில் இலை அசையாத நாட்களும் உண்டு. இதை அப்படியே செல்வராசின் மேல் போடுங்கள். ஆடியில் அவன் பலம் கிழக்கு நோக்கித்தான் போகும், தையில் மேற்கு நோக்கித்தான். சித்திரையில் அவன் வெறும் டிரைவர். இதழ் வெளியாகும் மாதத்தையே கதையின் மாதமாக வைத்தால், சித்திரை இதழ் வருவதற்கு முன்பே வாசகன் பயப்படத் தொடங்குவான். கண்டெய்னருக்குள் சக்தி ஏன் போனது என்பதற்கும் விடை தானாகக் கிடைத்துவிடும்.

வேலிக்கு அடுத்தது விலை. சக்தியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது பறிபோக வேண்டும், அதுவும் அவன் நேசிக்கும் இடத்திலிருந்து. கணவாய்க்காரனுக்கு நான் வைக்கும் விலை இது: அவன் காற்றைக் கூப்பிடும்போதெல்லாம் சுற்றுவட்டாரத்து மண்ணின் ஈரம் போகிறது. ராத்திரி ஊரைக் காப்பாற்றுகிறான், காலையில் ஊரின் வயல் காய்ந்து கிடக்கிறது.

எதிரிக்கும் ஒரு நியாயம்

விலையைச் சரியாக வைத்தால் எதிரி அதிலிருந்தே கிளம்பி வருவார். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். தமிழ்நாடும் கேரளமும் செய்த பரம்பிக்குளம்-ஆழியார் ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழை என்ற ஆற்றுக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-ல். தண்ணீர் குறையும் வருடத்தில் கால்வாயின் கடைமடையில் இருப்பவர்கள் எதை நம்பி விதைப்பது? அப்படி ஒரு கடைமடை விவசாயியை நினைத்துப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டிய அக்கா ஒருவர். முறை வைத்து வந்த தண்ணீரை ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பாய்ச்சியவர். காலையில் பாத்தியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. காற்றை ஏவுகிற ஒருவன் இருக்கிறான் என்று அவர் கண்டுபிடித்தால் அவனைத் தடுக்கத்தானே பார்ப்பார்? அவரிடம் நியாயம் இருக்கிறது. அதனால் அவரை உதைத்து ஜெயிக்க முடியாது. உலகத்தை ஆளத் துடிக்கும் பைத்தியக்கார விஞ்ஞானியைவிட இவர் பத்து மடங்கு பலமான எதிரி.

ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கமும் இரண்டு விதமாகச் சொல்வது இந்த எல்லை நாட்டுக்கு இயல்பு. கும்ப மாதத்தில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படை நடக்கும். கொங்குப் படையைச் சித்தூர்க்காரர்கள் பகவதியின் துணையோடு முறியடித்த வெற்றிக்கான விழா அது. கொங்குத் தமிழ் பேசும் குடும்பங்களும் அதே தாலுகாவில்தான் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஒரு முறை அந்தக் கூட்டத்தில் நின்று பாருங்கள். தோற்ற படையின் குதிரைக்காரன் ஒருவன் இந்த நாளை எப்படிச் சொல்வான் என்று யோசியுங்கள். எதிரியின் குரலை எழுதப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

துணைப் பாத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எக்ஸ்-மென் தொடரில் 1970-ல் புதுக் கதையே நின்று, 1975 வரை பழைய கதைகளைத்தான் மறுபதிப்புச் செய்துகொண்டிருந்தார்கள். லென் வெய்னும் டேவ் காக்ரமும் புது அணியை உருவாக்கிய பிறகு கிறிஸ் கிளேர்மான்ட் அதை வாங்கி 1991 வரை எழுதினார். சண்டை இல்லாத நேரத்தில் இவர்கள் எப்படி இருப்பார்கள், யாருக்கு யாரைப் பிடிக்காது, யார் ஊரை நினைத்து ஏங்குகிறார் என்பதற்கு அவர் பக்கம் ஒதுக்கினார். நீங்களும் இதழுக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள்.

உங்கள் முதல் இதழ்

புது ஆள் வந்துவிட்டேன் என்று காட்டத் துடிக்கும் இதழ் இது. அந்தத் துடிப்பை அடுத்த இதழுக்குத் தள்ளி வையுங்கள். மூர் தன் முதல் இதழான 20-ல் பழைய கதை இழைகளை முடிச்சுப் போடுவதைத்தான் செய்தார், வெடிகுண்டு 21-ல்தான் வந்தது. பழைய எழுத்தாளர் திறந்துவிட்டுப் போன கதவுகளில் எவை உங்களுக்குத் தேவையில்லையோ அவற்றை மரியாதையாக மூடுங்கள். பாத்திரத்தைக் கொன்று மூடுவது மரியாதை இல்லை. ஊருக்கு அனுப்பலாம், வேலை மாற்றலாம், கல்யாணம் செய்து வைக்கலாம்.

புதிதாக ஒருவரைக் கொண்டு வருவதென்றால் பழைய காலத்தின் இடைவெளியில் கொண்டு வாருங்கள். டேர்டெவில் தொடரில் ஓவியராக இருந்த ஃபிராங்க் மில்லர் 1981-ல் 168-வது இதழிலிருந்து எழுத்தையும் ஏற்றார். அந்த இதழிலேயே எலெக்ட்ராவைக் கொண்டு வந்தார், நாயகனின் கல்லூரிக் காலத்துக் காதலியாக. அந்தக் காலத்தைப் பழைய இதழ்கள் விரிவாகச் சொல்லாததால் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஸ்பைடர்மேன் கதைகளிலிருந்து குற்றக் கும்பல் தலைவன் கிங்பின்னையும் எடுத்து டேர்டெவிலுக்கு எதிரில் நிறுத்தினார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த அந்தத் தொடர் அவர் காலத்தில் மாத இதழானது.

ஒரு பக்கத்தை எழுதிப் பார்ப்போம்

ஓவியருக்குக் கொடுக்கும் ஸ்கிரிப்ட் இப்படி இருக்கலாம். உங்கள் முதல் இதழ், அதாவது 13. மாதம் தை.

பக்கம் 5. ஐந்து கட்டம்.

கட்டம் 1. பக்க அகலம் முழுக்க. சித்தூருக்குக் கிழக்கே கரிசல் காடு, காலை வெயில். வெடித்த பாத்தி. தூரத்துப் பனைகளின் ஓலையெல்லாம் மேற்கே பறக்கிறது. வசனம் இல்லை.

கட்டம் 2. வரப்போரம் மினி லாரி. செல்வராசு ஜன்னலில் கை வைத்து எட்டிப் பார்க்கிறான்.
செல்வராசு: ஏனுங்க்கா, தண்ணி இன்னும் வரலீங்களா?

கட்டம் 3. அக்காவின் முகம் மட்டும். கோபம் இல்லை, தூக்கம் கெட்ட கண்.
அக்கா: வந்துச்சு கண்ணு. நேத்து ராத்திரி வந்துச்சு.

கட்டம் 4. அவர் கை அண்மையில். மண்ணாங்கட்டி விரலிடுக்கில் தூளாகி மேற்கே போகிறது.
அக்கா: விடியறதுக்குள்ள காத்து குடிச்சுப்போட்டுது.

கட்டம் 5. ஸ்டியரிங்கில் செல்வராசின் கை, இறுகப் பிடித்தபடி. வசனம் இல்லை.

அக்கா யார் மேலும் பழி போடவில்லை. செல்வராசு ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டாவது இதழின் ராத்திரிச் சண்டை நேற்று நடந்தது என்பதை வாசகன் தானே கூட்டிப் பார்த்துக்கொள்வான். பனையோலை பறக்கும் திசையை முதல் கட்டத்திலேயே சொல்லிவிட்டதால் நாலாவது கட்டத்து மண் எங்கே போகும் என்று ஓவியருக்குச் சந்தேகம் வராது. 5 என்பது வலப்பக்கம். கடைசிக் கட்டம் முடிந்ததும் தாளைத் திருப்பியாக வேண்டும். அதிர்ச்சியைப் பக்கம் 6-ன் மேல் மூலையில் வையுங்கள். இடப்பக்கம் தொடங்கி எதிரிலேயே முடியும் அதிர்ச்சியைக் கண் முன்கூட்டியே பார்த்துவிடும்.

வசனத்தின் அளவு பற்றி ஒரு கணக்கு உண்டு. சூப்பர்மேன் இதழ்களின் ஆசிரியராக இருந்த மார்ட் வைசிங்கர் ஒரு கட்டத்துக்கு 35 சொல், ஆறு கட்டப் பக்கத்துக்கு 210 சொல் என்று வைத்திருந்ததாக ஆலன் மூர் எழுதியிருக்கிறார். அது ஆங்கிலத்துக்கான அளவு. தமிழில் ஒரு சொல்லே நீளமானது, கட்டத்துக்கு 20 சொல்லைத் தாண்டினால் படம் மறைந்துவிடும். மேலே உள்ள பக்கம் முழுவதிலும் 15 சொல்கூட இல்லை.

யார் யாரிடம் எப்படிப் பேசுவார்

இந்த ஊரை வைத்து எழுதுகிறவருக்கு இது பெரிய சொத்து. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துத் தமிழ் வேறு, கிழக்குச் சித்தூரின் கொங்குத் தமிழ் வேறு. செல்வராசு அக்காவிடம் ‘ஏனுங்க்கா’ என்பான், அவர் அவனைக் ‘கண்ணு’ என்பார். அதே செல்வராசை வாளையாரில் போலீஸ்காரர் நிறுத்தி, ‘வண்டி ஒதுக்கு. பேப்பர் எடுக்கு’ என்றால், ‘சாரே, தக்காளியாணு. சந்தைக்கா’ என்று அவன் நாக்கு தானாக மாறும். மலையாள வசனத்தைத் தமிழ் எழுத்திலேயே போடுங்கள், அடியில் விளக்கம் வேண்டாம். சின்ன வாக்கியமாக இருந்தால், படமும் துணைக்கு இருந்தால், சென்னை வாசகனுக்கும் புரியும்.

பழைய பன்னிரண்டு இதழ்களில் முகமூடி போட்டதும் நாயகன் மேடைத் தமிழ் பேசினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அநீதியே, இதோ உன் முடிவு!’ என்கிற மாதிரி. முதல் வேலையாக இதை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். அவன் ஏன் அப்படிப் பேசுகிறான்? தன் பேச்சை வைத்து எந்த ஊர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில். ஒரு நாள் அடிபட்டு விழும்போது முகமூடிக்குள்ளிருந்து ‘அய்யோ சாமி’ என்று கொங்கு வாடையோடு குரல் வந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் அக்காவுக்கு அது போதும்.

எழுத்துப் பதிப்பவருக்கும் ஓவியருக்கும்

வசன பலூனுக்குள் தமிழை அடக்குவது தனிக்கலை. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ மாதிரிச் சொற்களை ஸ்கிரிப்டிலேயே தவிர்த்துவிடுங்கள். உடைக்க வேண்டி வந்தால் பொருள் பிரியும் இடத்தில் உடைக்கச் சொல்லுங்கள், புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் ‘கொ’, ‘கை’ போன்றவற்றில் கொம்பு இடம் மாறிவிடும். அச்சுக்குப் போகும் முன் ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்த்தே ஆக வேண்டும். ஒலிகளை ஆங்கிலப் படத்திலிருந்து எடுக்காதீர்கள். காற்றுக்கு ‘விர்ர்’, ‘உய்ய்ய்’, காய்ந்த ஓலைக்குச் ‘சரசர’ என்று நம் காதில் விழுகிறபடியே எழுதுங்கள்.

ஓவியர் உங்களுக்கு முன்பே இந்தத் தொடரில் இருப்பவர், நாயகனின் முகத்தை உங்களைவிட அவர் நன்றாக அறிவார். அவருக்கு எதை வரையப் பிடிக்கும், எது சலித்துவிட்டது என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கூட்டக் காட்சி அவருக்குச் சிரமம் என்றால் மாசத்துக்கு ஒரு கூட்டக் காட்சியை அவர் தலையில் கட்டாதீர்கள். மணக்கடவு அணைக்கட்டு, வேலந்தாவளம் சந்தை, வாளையார் சோதனைச்சாவடி வரைய வேண்டும் என்றால் நீங்களே போய்ப் படம் எடுத்துக் கொடுங்கள். அதுவும் கதை நடக்கும் நேரத்திலேயே எடுங்கள், விடிகாலைச் சந்தையின் வெளிச்சம் மத்தியானத்தில் கிடைக்காது.

மூன்று இதழ் வெளியானதும் பழைய நோட்டை எடுத்து, நீங்கள் எழுதியதையும் அதே மூன்று பத்தியில் சேருங்கள். உங்கள் இதழ்களில் படம் காட்டியது எது, பாத்திரம் சொன்னது எது, வாசகன் தானாக எடுத்துக்கொண்டது எது. நீங்கள் விடை சொல்லாமல் விட்ட கேள்விகளைத் தனியாக ஒரு பக்கத்தில், இதழ் எண்ணும் பக்க எண்ணும் போட்டு எழுதி வையுங்கள். செல்வராசின் அப்பா எங்கே போனார் என்பது அந்தப் பட்டியலில் இருக்கலாம். விடையை மட்டும் அங்கே எழுதாதீர்கள். ஸ்கிரிப்ட், எழுத்துருக்கள், எடுத்த போட்டோக்கள், கையெழுத்துப் போட்ட அந்த ஒப்பந்தப் பக்கம் எல்லாவற்றையும் நோட்டோடு ஒரே உறையில் போட்டு ஓவியரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் வெளியூரில் வேலை கிடைக்கலாம்.